சிறுநீரில் படிகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூரின் ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில், பஸ் செல் (சீழ் அணு), எபிதீலியல் செல் (உள்தோல் அணு) எல்லாம் முடிந்த பிறகு, 'கிரிஸ்டல்ஸ்' என்று ஒரு வரி வரும். பலரைத் தூங்கவிடாமல் செய்வதும், லேபில் பலர் அவசரமாக எழுதிவிட்டுப் போவதும் அந்த வரிதான். ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர், ஸ்லைடைப் பார்ப்பவர் இருவருக்குமான கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

ரிப்போர்ட்டில் 'கால்சியம் ஆக்சலேட் கிரிஸ்டல்ஸ்' என்று வந்திருக்கிறது. சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா?

அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர் சிறுநீரிலும் கால்சியம் ஆக்சலேட், யூரிக் அமிலம், பாஸ்பேட் படிகங்கள் வரும். முந்தின நாள் கீரை சாப்பிட்டிருந்தாலோ, தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலோ, மாதிரி லேபில் மூன்று மணி நேரம் காத்திருந்தாலோ போதும். இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம், ஏற்கெனவே கல் வந்த வரலாறு, குடும்பத்தில் கல் இவற்றில் ஒன்று இருந்தால்தான் அந்த வரிக்கு எடை கூடுகிறது. கல் இருக்கிறதா என்பதை ஸ்கேன் சொல்லும்.

இதன் மறுபக்கமும் உண்மை. கல் இருக்கும்போதே 'கிரிஸ்டல்ஸ்: நில்' என்று ரிப்போர்ட் வரலாம். அதை நம்பி வலியை அலட்சியம் செய்ய வேண்டாம்.

படிகம் எப்படி உண்டாகிறது?

கற்கண்டு உண்டாவதைப் போலத்தான். கெட்டிப் பாகு ஆறும்போது தாங்க முடியாத சர்க்கரை வெளியே வந்து நூலைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. சிறுநீரும் உப்புகள் கரைந்த நீர்தான். உப்பு கூடினாலும், நீர் குறைந்தாலும், சூடு இறங்கினாலும் கரைந்திருந்தது படிகமாக வெளியே வரும்.

இதோடு பிஎச் என்ற அமில-கார அளவும் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சேர்கிறது. யூரிக் அமிலம் பிஎச் 5-ல் கரைவதைப் போலச் சுமார் 10 மடங்கு பிஎச் 7-ல் கரையும். பாஸ்பேட் இதற்கு நேர் எதிர்: காரம் கூடக்கூட வெளியே வரும். அதனால் ஸ்டிரிப்பில் (சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் பட்டை) பிஎச் பார்க்காமல் படிகத்துக்குப் பெயர் வைக்கக் கூடாது.

மாதிரியை எப்படிக் கொடுக்க வேண்டும்?

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் அடர்த்தியாக இருக்கும். வழக்கமான பரிசோதனைக்கு அது நல்லது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். லேபில் தரும் டப்பாவையே பயன்படுத்துங்கள். வீட்டிலிருக்கும் மருந்து பாட்டிலைக் கழுவி எடுத்துவந்தால், அதில் ஒட்டியிருக்கும் சோப்பும் மருந்துத் தூளும் ஸ்லைடில் வந்து நிற்கும்.

பிடித்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். படிகத்துக்காகவே செய்யும் பரிசோதனை என்றால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வைட்டமின் சி மாத்திரை, ஆன்டிபயாடிக், எரிச்சலுக்கான சிரப், முந்தின நாள் ஸ்கேனுக்குப் போட்ட மருந்து ஊசி எதுவானாலும் லேபில் சொல்லிவிடுங்கள்.

லேபில் வண்டல் தயாரிக்கும் சரியான முறை எது?

மாதிரியை நன்றாகக் கலக்கி 12 மில்லி லிட்டர் குழாயில் ஊற்றுங்கள் (10 மில்லி எடுக்கும் லேபில் எப்போதும் 10 மில்லியே எடுக்க வேண்டும்). 400 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு) 5 நிமிடம் சென்ட்ரிபியூஜில் சுற்றுங்கள். இங்கேதான் பல இடங்களில் தவறு நடக்கிறது: 'ஆயிரத்து ஐந்நூறில் வை' என்று வாய்வழியாக வந்த பழக்கம் எல்லாச் சென்ட்ரிபியூஜுக்கும் பொருந்தாது. சுழலும் ஆரம் 15 செ.மீ. என்றால் 400 ஜி-க்குச் நிமிடத்துக்குச் சுமார் 1,550 சுற்று போதும். ஆரம் 10 செ.மீ. என்றால் சுமார் 1,900 சுற்று வேண்டும். உங்கள் இயந்திரத்தின் ஆரத்தை ஒருமுறை ஸ்கேல் வைத்து அளந்து, கணக்கை மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள். வேகம் மிஞ்சினால் காஸ்டுகள் (சிறுநீரகக் குழல்களில் வார்ப்பாக உறையும் புரத உருளைகள்) உடையும்; குறைந்தால் சின்னப் படிகங்கள் மேலேயே நின்றுவிடும். பிரேக் போட்டு நிறுத்தினால் படிந்தது மறுபடி கலங்கும்.

மேல்நீரை ஒரே சாய்ப்பில் கொட்டி, 0.5 மில்லி லிட்டர் விடுங்கள். அடியை விரலால் மெல்லத் தட்டிக் கலக்கி, 20 மைக்ரோ லிட்டர் ஸ்லைடில் வைத்து 22 × 22 மி.மீ. கவர்ஸ்லிப்பால் மூடுங்கள். கவர்ஸ்லிப் விளிம்பில் நீர் வழிந்தால் கனமான பொருள்கள் ஓரம் போய்விடும். புது ஸ்லைடு போடுங்கள். கண்டென்சரை இறக்கி, டயாஃப்ரத்தைப் பாதி மூடி, 10 மடங்கு லென்ஸில் முழு ஸ்லைடையும் ஓட்டுங்கள். பிறகு 40 மடங்கில் குறைந்தது 10 பார்வைப் புலம் பார்த்துச் சராசரி எழுதுங்கள். வெளிச்சம் அதிகமாக இருந்தால் படிகம் தெரியும், கண்ணாடி போன்ற ஹயலின் காஸ்ட் தெரியாது.

மாதிரி 12 மில்லிக்குக் குறைவாக வந்தால் அதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். 4 மில்லியில் எண்ணியதையும் 12 மில்லியில் எண்ணியதையும் ஒன்றாக வைத்து மருத்துவர் ஒப்பிட முடியாது.

குழாயின் அடியில் இளஞ்சிவப்பு மண் போலப் படிந்திருக்கிறது. ரத்தமா?

பெரும்பாலும் இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்து வந்த அமிலச் சிறுநீரில் உருவமற்ற யூரேட் இப்படித்தான் செங்கல் தூளாக இறங்கும். சிறுநீரிலுள்ள யூரோஎரித்ரின் என்ற நிறமி அதில் ஒட்டிச் சிவப்பைத் தருகிறது. நுண்ணோக்கியில் மஞ்சள்-பழுப்பு மணல். காரச் சிறுநீரில் அதே மணல் நிறமில்லாமல், அடியில் வெள்ளைப் படிவாக இறங்கினால் அது உருவமற்ற பாஸ்பேட்.

சந்தேகம் வந்தால் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள்: யூரேட் கரையும், பாஸ்பேட் கரையாது. நீர்த்த அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள்: பாஸ்பேட் கரையும், யூரேட் கரையாது, சற்று நேரத்தில் யூரிக் அமிலப் படிகமாக மாறவும் கூடும்.

இந்த மணல் தன்னளவில் நோய் எதையும் காட்டுவதில்லை. ஆனால் அதன் அடியில் சிவப்பணுவும் பாக்டீரியாவும் மறைந்துவிடும். 'அமார்ஃபஸ் ++' என்று எழுதிவிட்டு எழுந்துவிடக் கூடாது. யூரேட் மறைத்தால் வெதுவெதுப்பான நார்மல் சலைன் சேர்த்துக் கலக்கி மறுபடி சுற்றிப் பாருங்கள். பாஸ்பேட்டுக்கு அசிட்டிக் அமிலம் விடுமுன் சிவப்பணுவை எண்ணிவிடுங்கள், அமிலம் அதை உடைத்துவிடும்.

எந்தப் படிகம் எப்படி இருக்கும்?

முதலில் பிஎச் பாருங்கள். சாதாரணமாக வருபவற்றில், அமிலச் சிறுநீரில் யூரிக் அமிலமும் யூரேட்டும் மஞ்சள் முதல் பழுப்பு வரை நிறம் கொண்டவை. காரச் சிறுநீரில் வருபவை நிறமற்றவை, அமோனியம் பையூரேட் தவிர.

யூரிக் அமிலத்துக்கு நிலையான வடிவமே கிடையாது. பர்பித் துண்டு போன்ற சாய்சதுரம், பீப்பாய், எலுமிச்சை, ரோஜாக் கொத்து, சில நேரம் ஆறுபக்கத் தகடு. போலரைசரில் (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் வடிகட்டி) பல வண்ணமாக ஒளிரும். சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாது.

கால்சியம் ஆக்சலேட் இரண்டு வகை. டைஹைட்ரேட் என்பது அடியோடு அடி ஒட்டிய இரண்டு பிரமிடுகள். மேலிருந்து பார்க்கும்போது தபால் உறையின் பின்புறம் மாதிரி குறுக்கே இரண்டு கோடுகள். 40 மடங்கில் ஃபைன் ஃபோகஸைத் திருப்பினால் கோடுகள் சேரும் நடுப்புள்ளி ஒரு நிலையில் கூர்மையாகும், இன்னும் திருப்பினால் அது மங்கி நான்கு ஓரங்களும் தெளியும். இந்த ஆழம்தான் இதன் அடையாளம். தட்டையான எதிலும் இது கிடைக்காது. மோனோஹைட்ரேட் முட்டை வடிவம், உடுக்கை வடிவம், சில நேரம் இரு முனையும் கூர்ந்த நீள் வடிவம். இரண்டு வகையும் அமிலச் சிறுநீரில் அதிகம் வந்தாலும் எந்தப் பிஎச்சிலும் வரும். அசிட்டிக் அமிலத்தில் கரையாது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும்.

மூன்று பாஸ்பேட் எனப்படும் மக்னீசியம் அமோனியம் பாஸ்பேட்டைப் பாடநூல்கள் சவப்பெட்டி மூடி என்கின்றன. நாலு பக்கமும் சரிந்த ஓட்டுக்கூரையை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. அமோனியம் பையூரேட் பழுப்பு உருண்டையைச் சுற்றி முட்களோடு அசல் ஊமத்தங்காய்; பெரும்பாலும் பழைய மாதிரி என்பதற்கான சாட்சி. புதிதாகப் பிடித்த மாதிரியிலும் அது வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கால்சியம் கார்பனேட் மிகச் சின்ன உடுக்கைகள், அசிட்டிக் அமிலம் பட்டால் குமிழி விடும்.

முட்டை வடிவ ஆக்சலேட்டைச் சிவப்பணு என்று எழுதிவிடுகிறோம். எப்படித் தவிர்ப்பது?

கையில் போலரைசர் இருந்தால் ஒரு நிமிட வேலை. மோனோஹைட்ரேட் இருளில் பளிச்சென ஒளிரும், சிவப்பணு ஒளிராது. சின்ன லேபில் தனி இணைப்பு இல்லாவிட்டாலும் இரண்டு போலரைசிங் தாள் போதும்: ஒன்றை விளக்கின் மேல் வையுங்கள், மற்றொன்றை ஐபீஸின் மேல் பிடித்துத் திருப்புங்கள், புலம் இருண்டதும் எது மினுங்குகிறது என்று பாருங்கள்.

அதுவும் இல்லையா? கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் 10 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு வைத்து, எதிர் விளிம்பில் ஃபில்டர் பேப்பரால் உறிஞ்சுங்கள். ஒரே பொருளைப் பார்வையிலேயே வைத்திருங்கள். சிவப்பணு என்றால் அமிலம் வந்து சேர்ந்ததும் மங்கிக் காணாமல் போகும். ஆக்சலேட் அப்படியே நிற்கும். ஸ்டிரிப்பில் ரத்தம் 'நெகட்டிவ்', ஸ்லைடில் 'ஆர்பிசி (சிவப்பணு) நிறைய' என்று முரண்பட்டால் இந்தச் சோதனையைச் செய்யாமல் ரிப்போர்ட்டை அனுப்பாதீர்கள். வைட்டமின் சி அதிகம் எடுப்பவருக்கு ஸ்டிரிப் தவறாக நெகட்டிவ் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்றே ஒன்று தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டிய படிகம் எது?

சிஸ்டின். நிறமற்ற, மெல்லிய, அறுகோணத் தகடுகள், சில சமயம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். ஆறு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1810-ல் வில்லியம் ஹைட் வொலாஸ்டன் ஒரு சிறுநீர்ப்பைக் கல்லில் கண்டுபிடித்த பொருள் இதுதான். 'சிறுநீர்ப்பை' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்தே இந்தப் பெயர் வந்தது. சிஸ்டினூரியா பரம்பரை நோய். வடிகட்டிய சிஸ்டினைச் சிறுநீரகக் குழல்கள் திரும்ப உறிஞ்சுவதில்லை. பிஎச் 7 வரை ஒரு லிட்டர் சிறுநீரில் சுமார் 250 மில்லிகிராம்தான் கரையும், மிச்சம் கல்லாகிறது. சின்ன வயதிலேயே திரும்பத் திரும்பக் கல் வரும். ஒருவர் சிஸ்டினைக் கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால், அந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் மேல் ஆபரேஷன் நடக்கும், காரணம் தெரியாமலே.

அறுகோண யூரிக் அமிலத்தோடு குழப்பம் வரும். யூரிக் அமிலம் நிறம் கொண்டது, போலரைசரில் வண்ணமாக ஒளிரும். மெல்லிய சிஸ்டின் தகடு அவ்வளவாக ஒளிராது. சிஸ்டின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும். உறுதிப்படுத்தும் சயனைடு-நைட்ரோபுருசைடு சோதனை ஊதாச்சிவப்பு நிறம் தரும். சயனைடு அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வெளியாகும் என்பதால் அதை வசதியுள்ள பெரிய ஆய்வகத்துக்கே அனுப்புங்கள்.

லியூசின் (வெட்டிய மரத்தின் வளையங்கள் போன்ற மஞ்சள் உருண்டை), டைரோசின் (நடுவில் கட்டிய நெற்கதிர்க் கட்டு போல ஊசிகள்) இரண்டும் கடும் கல்லீரல் பாதிப்பில் வரும். மூலை உடைந்த கண்ணாடித் தகடு போன்ற கொலஸ்டரால், புரதம் ஏராளமாக வெளியேறும்போது. டைஹைட்ராக்சி அடினின் என்ற அரிய படிகம் கரிய விளிம்புள்ள பழுப்பு உருண்டை. போலரைசரில் நடுவே சிலுவை தெரியும். அது ஏபிஆர்டி என்ற நொதி குறைவதன் அடையாளம். அலோபியூரினால் போன்ற மருந்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம் என்பதால் அதைத் தவறவிடுவது பெரிய இழப்பு. ஆனால் சிலுவை கண்டதெல்லாம் அதுவல்ல: கையுறையில் இருக்கும் மாவுத் துகளும் போலரைசரில் சிலுவை காட்டும்.

மருந்தால் படிகம் வருமா?

வரும். சல்ஃபா மருந்துகள், அதிக அளவு ஆம்பிசிலின், அசைக்ளோவிர், இன்டினாவிர் ஆகியவை தெரிந்த உதாரணங்கள். அசைக்ளோவிர் ஊசியை வேகமாக ஏற்றினால் மெல்லிய ஊசிப் படிகங்கள் குழல்களை அடைக்கும். அதனால்தான் அதை ஒரு மணி நேரத்துக்கு மேல், போதிய திரவத்தோடு ஏற்றுகிறார்கள்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது ஒன்றைச் சொல்ல வேண்டும். நீர்க்கடுப்புக்கு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும், எரிச்சலுக்கு சிட்ரேட் சிரப்பும் சேர்த்து எடுப்பவர்கள் உண்டு. அந்தச் சிரப் சிறுநீரைக் காரமாக்குகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் காரச் சிறுநீரில்தான் படிகமாகிறது. கடையில் நீங்களாக வாங்கிச் சேர்க்காதீர்கள். இரண்டையும் எழுதித் தந்திருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

லேபுக்கு: வழக்கத்துக்கு மாறான ஊசி, விசிறி, தகடு தெரிந்தால் மருந்துப் பட்டியலைக் கேட்காமல் பெயர் எழுத வேண்டாம். அடர்த்தி எண் 1.040-ஐத் தாண்டி, தட்டையான நிறமற்ற தகடுகளும் இருந்தால் எக்ஸ்ரே கான்ட்ராஸ்ட் மருந்தா என்று விசாரியுங்கள்.

எந்த நிலையில் படிகம் அவசரம்?

சிறுநீர் அளவு குறைந்து, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) ஏறி, ஸ்லைடு முழுக்க மோனோஹைட்ரேட் ஆக்சலேட் நிறைந்திருந்தால் எத்திலீன் கிளைகால் (கார் ரேடியேட்டர் திரவத்தில் இருப்பது) நஞ்சை நினைக்க வேண்டும். பிலிம்பிக்காய்ச் சாற்றை வெறும் வயிற்றில் நிறையக் குடித்து, ஆக்சலேட் அடைத்து சிறுநீரகம் செயலிழந்த நோயாளிகளைப் பற்றிக் கேரளத்திலிருந்து மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. கொலஸ்டரால் குறையும் என்று நம்பிக் குடித்தவர்களும் அதில் இருந்தார்கள். ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை தொடங்கியவருக்கு யூரிக் அமிலம் குவிந்தாலும் அவசரமே. இவற்றில் போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் தட்டச்சு ஆகட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

பிறந்த குழந்தையின் துணியில் செங்கல் நிறக் கறை இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

முதல் இரண்டு மூன்று நாளில் இது பெரும்பாலும் யூரேட் படிகம்தான். தாய்ப்பால் சுரப்பு கூடியதும் போய்விடும். நான்காம் ஐந்தாம் நாளுக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, துணி நனைவது குறைந்தாலோ, குழந்தை சோர்ந்திருந்தாலோ பால் போதாமல் இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தக்காளி, கீரை, பால் எல்லாம் நிறுத்த வேண்டுமா?

தக்காளியை விட்டுவிடத் தேவையில்லை. அதில் ஆக்சலேட் குறைவு. பாலக்கீரையில்தான் மிக அதிகம், 100 கிராமில் பல நூறு மில்லிகிராம். முளைக்கீரை, தண்டுக்கீரை, பாதாம், முந்திரி, கடும் தேநீர் ஆகியவற்றையும் அளவோடு வையுங்கள். ஆக்சலேட் கல் வந்தவர் கீரையை நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுச் சாப்பிட்டால் கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பங்கு போய்விடும்.

பாலையும் தயிரையும் நிறுத்துவது தவறு. உணவோடு சேர்ந்து வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. கால்சியத்தைக் குறைத்தால் ஆக்சலேட் ரத்தத்துக்குப் போகிறது. உண்மையில் குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு. சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். வைட்டமின் சி மாத்திரை தினம் 1,000 மில்லிகிராம் எடுப்பவர்கள் நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள், அதில் ஒரு பங்கு உடலில் ஆக்சலேட்டாக மாறுகிறது.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

எத்தனை டம்ளர் குடித்தீர்கள் என்பதைவிட, எவ்வளவு சிறுநீர் வருகிறது என்பதே கணக்கு. கல் வந்தவருக்கு ஒரு நாளில் 2.5 லிட்டர் சிறுநீர் வர வேண்டும். ஒரு விடுமுறை நாளில் அளவுக் குவளையில் பிடித்துக் கூட்டிப் பாருங்கள். சித்திரை வெயிலில் வெளியே வேலை செய்பவருக்கு வியர்வையிலேயே நிறையப் போய்விடும்; 3 லிட்டர் குடித்தும் 1 லிட்டர்தான் வரலாம். படுக்குமுன் ஒரு டம்ளர் அவசியம், இரவில்தான் சிறுநீர் மிக அடர்த்தியாகிறது. இதய, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

வாழைத்தண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு?

எலுமிச்சையில் சிட்ரேட் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு படிகம் வளர்வதைத் தடுக்கும். உப்புப் போடாமல் குடியுங்கள். வாழைத்தண்டு உணவாக நல்லது, சாறும் நீர்தான். ஆனால் இருக்கும் கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்தால் கரைய வாய்ப்புள்ள முக்கியமான கல் யூரிக் அமிலக் கல். பொட்டாசியம் சிட்ரேட்டால் பிஎச் 6 முதல் 6.5 வரை ஏற்றினால் அது கரையும். 7-ஐத் தாண்டினால் பாஸ்பேட் படியத் தொடங்கும். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீர் அமிலமாக இருக்கும் போக்கு உண்டு, அவர்களுக்கு யூரிக் அமிலக் கல் அதிகம் வருவதற்கு அதுவே காரணம்.

மூன்று பாஸ்பேட் வந்தால் கிருமியா?

பிஎச் 7-க்கு மேல், பஸ் செல்லும் பாக்டீரியாவும் கூடவே இருந்தால் ஆம், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும். புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. சிறுநீரகம் முழுக்கக் கிளைவிடும் மான்கொம்புக் கல் இந்த வழியில் வளர்கிறது. கதீட்டர் வைத்தவர்களுக்கு இது சாதாரணமாக வரும். பஸ் செல் இல்லாமல், மாதிரி நெடுநேரம் வெளியே இருந்திருந்தால், புதிதாக ஒன்று கேளுங்கள்.

கல் தானாக வெளியே வந்துவிட்டது. என்ன செய்வது?

தூக்கி எறியாதீர்கள். கல் நகர்கிறது என்று தெரிந்த நாளிலிருந்தே தேநீர் வடிகட்டி ஒன்றைத் தனியாக வைத்து, ஒவ்வொரு முறையும் அதன் வழியாகச் சிறுநீர் கழியுங்கள். கிடைத்ததைத் தண்ணீரில் அலசி, டிஷ்யூவில் காயவைத்து, மூடியுள்ள சின்ன டப்பாவில் போடுங்கள். ஃபார்மலின் ஊற்ற வேண்டாம், செல்லோ டேப்பில் ஒட்டவும் வேண்டாம். பசை பகுப்பாய்வைக் கெடுக்கும். அகச்சிவப்பு நிறமாலை முறையில் கல் எதனால் ஆனது என்று சொல்ல ஒரு கடுகளவு துணுக்கே போதும்.